புயல் வாரத்து எபிசோட்

ஒரு சீரியலை முதல் எபிசோடிலிருந்து பார்க்க ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். முதல் எபிசோடில் என்னதான் இருக்கும்? வாசலில் கோலம் போடுவார்கள், சாமி கும்பிடுவார்கள், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒவ்வொருவராக மாடிப்படி இறங்கி வருவார்கள். அதைப் பார்த்துவிட்டு யார் மறுநாள் வந்து உட்காருவார்கள்? புதிதாக ஒருவரை இழுத்து உட்கார வைக்க வேண்டுமென்றால் நடுவிலிருந்து ஒரு எபிசோடைப் போட வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் சாமர்த்தியமே இருக்கிறது. அழுகை அதிகமானால் எழுந்து ஓடிவிடுவார்கள். கல்யாணம் என்றால் யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு என்று தெரியாமல் விழிப்பார்கள். சண்டை என்றால் ‘இதுக்கு நம்ம தெருக் குழாயடியே தேவல’ என்பார்கள்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு மரக்காணத்து உப்பு ஷெட்டில் வந்தது. பாத்தியிலிருந்து வந்த உப்பைச் சுத்தம் பண்ணி பாக்கெட் போடுகிற இடம் அது. நாங்கள் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, உப்பை எடை பார்த்துக் கவரில் கொட்டி, மிஷினில் வாயை ஒட்டி, மூட்டையாக அடுக்குவோம். வேலையெல்லாம் கைக்குத்தான், வாய் சும்மாதான் இருக்கும். அந்த வாய்க்கு எட்டு மணி சீரியல். அதன் பெயரை நாங்கள் சொல்வதே கிடையாது, ‘எட்டு மணி’ என்றால் போதும். முந்தின நாள் பார்க்காமல் விட்டவள் மறுநாள் ஷெட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் துபாய் வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தார். கல்யாணமான மறு வருஷமே போனவர். மகள் பிறந்தது, பெரியவளானது, திண்டிவனத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தது, எல்லாவற்றுக்கும் லீவில் வந்து லீவில் போனவர். இப்போது முடித்துக்கொண்டு வந்தவர் வீட்டில் எப்படி இருந்தார் தெரியுமா? டம்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்பார். ஃபேன் போடட்டுமா என்று கேட்பார். அவர் சம்பாதித்துக் கட்டின வீடு, அவர் வாங்கி மாட்டின ஃபேன். விருந்துக்கு வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவார். எனக்கு எரிச்சலாக வரும், கொஞ்ச நேரம் போனால் பாவமாகவும் இருக்கும்.

எட்டு மணியானால் நான் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவர் வாசலில் நாற்காலி போட்டுப் போனை நோண்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் உள்ளே தலையை நீட்டி, “இந்த மியூசிக் எனக்குத் தெரியும்” என்றார்.

“உங்களுக்கு எப்டித் தெரியும்?”

“நான் போன் பண்றப்பல்லாம் பின்னாடி ஓடுமே.”

அவர் வேலை முடிந்து ரூமுக்கு வந்து போன் போடுகிற நேரமும் இங்கே எட்டு மணியும் ஒன்றுதான். நான் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கண் டிவியிலும் காது போனிலுமாக ‘ம்… ம்…’ என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவருக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. “உள்ள வந்து உக்காருங்களேன்” என்றேன்.

வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. “அந்த செவப்புப் பொடவ யாரு? இவளுக்கு அவ இன்னா ஆவணும்? இவன் ஏன் கதவுக்குப் பின்னாடி நிக்கறான்?” ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். மறுபடியும் கேட்டதும், “கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா?” என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து பழையபடி வாசலுக்கே போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் அந்த ஏஜென்டிடமிருந்து போன் வந்தது. அவரை முதலில் துபாய்க்கு அனுப்பின பழைய ஏஜென்ட். அதே துபாயில் வேறு கம்பெனிக்கு ஆள் வேண்டுமாம், விசா தயாராக இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“போலாமான்னு பாக்கறேன். இங்க சும்மாதான உக்காந்துகினு இருக்கறேன்.”

“உங்க இஷ்டம்” என்று சொல்லி ரசத்தை ஊற்றினேன்.

எனக்கு அவர் போகக் கூடாது. அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் ‘போவாதீங்க’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு லீவு முடியும்போதும் அந்த வார்த்தையை முழுங்கிப் பழகின வாய். அப்போதெல்லாம் வீடு கட்ட வேண்டும், மகளைக் கரையேற்ற வேண்டும் என்று காரணம் இருந்தது. இப்போது ஒரு காரணமும் இல்லை, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

வாய் வராதவளுக்கு வேறு வழி வேண்டுமே. யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். இவரை எட்டு மணிக்குள் இழுத்துவிட வேண்டும். நாளைக்கு என்ன ஆகுமோ என்று காத்திருக்கிற மனுஷன் ஃபிளைட் ஏற மாட்டான் என்பது என் கணக்கு. சிரிக்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் ஷெட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். ஏஜென்ட் கதையைச் சொல்லவில்லை. “எங்க வீட்டுக்காரரு சீரியல் பாக்கணும். மொத மொத எந்த எபிசோட காட்டலாம்?” என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான், ஷெட் இரண்டுபட்டது.

“ஆஸ்பத்திரி எபிசோட் போடுங்கக்கா” என்றாள் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி. “அவன் கண்ணத் தொறந்து பாக்கறப்ப எனக்கு அழுகையா வந்துடுச்சி.”

“மூக்குல டியூப மாட்டிகினு அம்மாம் நேரம் வசனம் பேசுவான்டி. எங்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிப்பாரு” என்றேன்.

“அப்ப மாமியார அறையறது?”

“வேற வினையே வேணாம்.”

அப்போது அந்தப் பெண்ணே சொன்னாள், “ஏங்கக்கா, பஸ் ஸ்டாண்ட் எபிசோட் இருக்கறப்ப நாம ஏன் வேற தேடறோம்?” எல்லாருடைய கையும் நின்றது. ‘அட, ஆமாம்’ என்று ஒரே சத்தம்.

பஸ் ஸ்டாண்ட் எபிசோடை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சில வருஷத்துக்கு முந்தி ஒரு கார்த்திகையில் புயல் அடித்தது. போஸ்ட் மரமெல்லாம் சாய்ந்து வாரக் கணக்கில் கரண்ட் இல்லை. குவித்து மூடி வைத்திருந்த உப்பு அம்பாரத்தின் மேல் கீற்றெல்லாம் பிய்த்துக்கொண்டு போய், பாதி உப்பு கரைந்து ஓடிவிட்டது. ஷெட்டில் வேலையும் கிடையாது, வீட்டில் டிவியும் கிடையாது. ஈரத் தரையைக் கூட்டித் தள்ளிவிட்டு எல்லோரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் ஷெட்டுக்கே மூத்தவளான அக்கா, “எட்டு மணில நேத்து இன்னா ஆச்சி தெரியுமா?” என்று ஆரம்பித்தாள். அவள் மகள் புதுச்சேரியில் இருக்கிறாள். அங்கே கரண்ட் இருந்ததாம், மகள் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாளாம். கதாநாயகி தன் புருஷனைப் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்புகிற எபிசோட். அக்கா சொல்லச் சொல்ல நாங்கள் அழுத அழுகை இருக்கிறதே! என் கதை மாதிரியே இருக்கிறதே என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றினால் என்ன? ஷெட்டில் பாதிப் பேர் வீட்டு ஆம்பளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். எல்லோருக்கும் அவரவர் கதை மாதிரியேதான் இருந்தது.

நான் யோசனை கேட்ட அன்றைக்கும் எல்லோரும் பஸ் ஸ்டாண்ட் என்று ஒரே முடிவாகச் சொன்னோம். அக்கா மட்டும் தலையை ஆட்டினாள்.

“அது வேணாம்டி. ஆம்பளைங்களுக்கு அது போரடிக்கும். ஆஸ்பத்திரியே காட்டு.”

“இன்னாக்கா நீ, நீ சொன்னதுலயே அதான் சூப்பரு.”

“சொல்றதக் கேளு. வேணாம்” என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கேட்கவில்லை. நான் எப்போது யார் பேச்சைக் கேட்டேன்?

சனிக்கிழமை சாயந்திரம் மசால் வடை சுட்டேன். டீ போட்டேன். “இன்னிக்கி உங்களுக்கு ஒண்ணு காட்டப்போறேன், குறுக்க பேசாம பாக்கணும்” என்று சொல்லிவிட்டேன். போனில் அந்த சேனலின் பழைய எபிசோடெல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. போனை டிவியோடு இணைக்கிற ஒயரை அவர் எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார். ஒயர் வேலை என்றால் அவருக்கு முகமே மாறிவிடும். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் யாரையும் கேட்காமல் ஒரு பொருளைத் தொட்டது அன்றைக்குத்தான்.

புயல் வாரத்தைக் கண்டுபிடித்துப் போட்டேன். வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. ஓட்டிவிட்டேன். அடுத்த நாள் எபிசோடிலும் அதே வளைகாப்பு, ஒரு வளையல் காணாமல் போயிருந்தது. அதற்கடுத்த நாளில் வளையலை யார் எடுத்தது என்று பஞ்சாயத்து. அந்த வாரம் முழுக்க அந்த எழவெடுத்த வளையலேதான். முந்தின வாரத்தைப் போட்டேன், பிந்தின வாரத்தைப் போட்டேன். பஸ் ஸ்டாண்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கதாநாயகன் அந்த மாசம் வீட்டை விட்டு வெளியே காலையே வைக்கவில்லை. வடை ஆறிப்போய்விட்டது. எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

“அந்தக்கா பொண்ணு போன்ல சொன்னான்னா கண்டிப்பா வந்திருக்கும். இவனுங்க எடுத்துட்டானுங்க” என்றேன்.

அவர் வடையைக் கடித்துக்கொண்டே, “அந்த வாரம் உனக்கு நான் எத்தினி தடவ போன் போட்டேன். லைனே கெடைக்கல. டவர்லாம் விழுந்துடுச்சின்னு அப்புறம் நீதான சொன்ன? அந்தக்காவுக்கு மட்டும் எப்டி லைன் கெடைச்சிது?” என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஷெட் நிறைய பொம்பளைகள், வருஷக் கணக்கில் அந்த எபிசோடைப் பேசியிருக்கிறோம், ஒருத்திக்காவது இது தோன்றியதா? ஒயரைப் பிடுங்கிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, பஸ் ஸ்டாண்ட் எங்க?”

“வேணாம்னு சொன்னேன்ல, ஏன்டி தேடின?”

“டவர் இல்லாத ஊருல உன் பொண்ணு எப்டிக்கா போன் பண்ணா?”

“அத்த இப்பதான் கேக்கறியா?” என்று அக்கா சிரித்தாள். “எல்லாரும் எழவு வூட்டு மாதிரி உக்காந்துகினு இருந்தீங்க. எதனா சொல்லலாம்னு நானா கட்டிச் சொன்னேன். ஏன், நல்லா இல்லியா?”

“நல்லா இருந்துதுக்கா, அதுக்காவ…”

“டிவில இல்லன்னா இன்னா, உனக்கு மனப்பாடமா தெரியும்ல? நீயே சொல்லு அவருகிட்ட.” போனை வைத்துவிட்டாள்.

அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வாசலுக்குப் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை.

“இருங்க. நானே சொல்றேன்” என்றேன். “அவன் வெளியூருக்கு வேலைக்குப் போறான். அவ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஏத்தி வுடறா.”

“கோடீஸ்வரன்னு சொன்ன. அவன் எதுக்குப் பஸ்ஸுல போறான்?”

“கார் ரிப்பேருங்க! குறுக்க பேசினா சொல்ல மாட்டேன்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். நான் சொன்னேன். அவளும் அவனும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. சென்னை பஸ் வருகிறது. அவன் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

“கூட்டமா இருக்குதுன்னு சொன்னானா?” என்று கேட்டார்.

“ஆமா. உங்களுக்கு எப்டி…”

“மேல சொல்லு.”

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தார். மேலே சொன்னேன். அடுத்த பஸ்ஸும் வருகிறது. எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிற எல்லா ஆம்பளைகளையும் போல அவனும் கடைசி நேரத்தில் புது ஷூவை மாட்டிக்கொண்டு, போட்டுவந்த செருப்பை ஒரு கவரில் போட்டு அவளிடம் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு அப்படியே நிற்கிறான். அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறாள். “சார்ஜர் எடுத்துகினீங்களா?”

ஷெட்டில் அக்கா இந்த இடத்தைச் சொன்னபோது எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம். போகிற ஆம்பளையிடம் எல்லாப் பொம்பளைகளும் இதைத்தான் கேட்பார்கள் போல என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அக்கா தானாகக் கட்டினது என்று தெரிந்த பிறகு, அந்த வார்த்தை யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“லீவு முடிஞ்சி நான் பஸ் ஏறினேனே, அந்தக்கா அன்னிக்கி அங்கதான் இருந்துச்சி” என்றார் அவர், மெதுவாக. “நம்ம பெஞ்சுக்குப் பின்னாடி, மல்லாட்ட வறுக்கற வண்டிகிட்ட. பஸ்ஸு கெளம்பறப்ப எனக்குக் கைகூட காட்டுச்சி. நீ பாக்கல.”

நான் வடைத் தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

“பஸ்ஸு போனதுக்கு அப்புறம் அவ இன்னா பண்ணா?” என்று கேட்டார்.

அது அவருக்குத் தெரியாதே. அவர் பஸ்ஸுக்குள் இருந்தார். எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன். போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் என்றேதான் சொன்னேன், நான் என்று சொல்ல வரவில்லை.

“அவ அங்கியே உக்காந்துகினு இருந்தா. ஊருக்குப் போற டவுன் பஸ் வந்துது, ஏறல. அடுத்ததும் வந்துது, ஏறல. அப்புறம் அந்தக் கவர்லேருந்து அவன் செருப்ப எடுத்து மாட்டிகினு, அவ செருப்ப கவருக்குள்ள போட்டுகினு, உப்பளத்து ஓரமாவே வூடு வரைக்கும் நடந்து போனா.”

ஷெட்டில் நான் மற்றவர்களைவிட அதிகமாக அழுதது இந்த இடத்துக்குத்தான். இப்படிப் பைத்தியக்காரத்தனம் பண்ணினது நான் ஒருத்தி மட்டும் இல்லை, இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று நினைத்து நிம்மதியில் அழுதேன். கடைசியில் பார்த்தால் இன்னொருத்தியே கிடையாது.

“என் செருப்ப மாட்டிகினா நடந்த?” என்றார்.

“என் செருப்பு வார் அந்து போச்சி. அதான்.”

“அந்து போச்சா?”

“இல்ல.”

அவர் மீதி ஒயரைச் சுருட்டி முடித்தார். பிறகு, “மொத பஸ்ஸுல கூட்டமே இல்ல” என்றார். “பாதி சீட்டு காலி. நீ எதனா சொல்லுவன்னு பாத்தேன். ஒரு வார்த்த சொன்னா பைய தூக்கிகினு உங்கூடவே வந்துடலாம்னு இருந்தேன். அடுத்த பஸ்ஸும் வந்துடுச்சி. நீ சார்ஜரக் கேட்ட.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது.

“அத்த வாயத் தொறந்து கேட்டா இன்னா? நீ இன்னா சொல்றன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? பஸ்ஸ வுட்டுட்டு உக்காந்தா எனக்கு எப்டித் தெரியும்? இப்பவும் அதத்தான பண்றீங்க! போலாமான்னு பாக்கறேன், போலாமான்னு பாக்கறேன்னு தட்டப் பாத்துகினு சொன்னா நான் இன்னா சொல்றது?”

“இன்னா சொல்ற?” என்றார்.

“போவாதீங்க.”

வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. “போவாதீங்க. இங்கியே இருங்க. எட்டு மணிக்கு வேணா டிவிய நிறுத்திடறேன். ஆயிரம் தடவ கேளுங்க, செவப்புப் பொடவ யாருன்னு ஆயிரம் தடவ சொல்றேன். போவாதீங்க.” முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, அசிங்கமாக, சத்தமாக அழுதேன்.

அவர் சுருட்டின ஒயரை டிவி மேல் வைத்தார். போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை, அங்கேயே, என் எதிரிலேயே ஏஜென்டின் நம்பரைப் போட்டார்.

“அண்ணே, நான் வரலண்ணே. இல்லண்ணே, சம்பளம்லாம் சரிதான். கம்பெனியும் நல்ல கம்பெனிதான்.” எதிர்ப்பக்கம் ஏதோ வற்புறுத்துகிற சத்தம் கேட்டது. இவர் எழுந்து நின்றுகொண்டார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டே இராத ஒரு குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

“வீட்ல போவாதன்னு சொல்லிட்டாங்கண்ணே!”